வெள்ளைப் புகையும் போர் தண்ணியும்

மார்கழியில எங்க ஊர்ல எந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினாலும் பின்னாடி கொஞ்சம் வெள்ளையா வரும். பால் வண்டி, ஸ்கூல் வேன் எல்லாத்துக்கும் உண்டு. ராத்திரி பனியில சைலன்சருக்குள்ள கோத்திருந்த ஈரம் சூடேறி ஆவியாப் போகுது, அவ்வளவுதான். ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடும். எங்க கார்ல நிக்கலை. அந்தியூர்ல கிளம்பி பவானி தாண்டின பிறகும், கண்ணாடியில பார்த்தா வெள்ளையாத் தொங்கிக்கிட்டே வந்துச்சு.

14 வருஷத்து டீசல் கார். போன ஐப்பசியிலதான் ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கினோம். அப்பாவுக்கு செவ்வாயும் வெள்ளியும் ஈரோட்டுல டயாலிசிஸ். காலையில 6 மணிக்கு அங்க இருக்கணும். வாடகைக் கார் வெச்சா மாசம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல ஆகுது, அதனாலதான் இந்தக் கார். ஒரு நாள் தள்ளிப்போட முடியாத வேலை இது. அந்த நேரத்துல வண்டி இப்படிப் புகைஞ்சா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

டவுன்ல ஒரு பட்டறையில காட்டினேன். ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை மிதிக்கச் சொல்லிப் பார்த்துட்டு, "இன்ஜின் முடிஞ்சுதுங்க, 70,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. பானெட்டைக்கூடத் திறக்கலை. மஞ்சள் வெட்டினாத்தான் எங்களுக்கு அந்தப் பணம். அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.

எங்க ஊர்ல டிராக்டர், மோட்டார் எல்லாம் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். போன் பண்ணினேன். "ஏனுங் தம்பி, காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணாம அப்படியே வெச்சிருங்க, நான் வர்றேன்"னார்.

வந்தவர் முதல்ல கேட்டது வாடையைத்தான். கண்ணு எரியற மாதிரி டீசல் வாடை வந்தா, எரியாத டீசல் வெளிய வருதுன்னு அர்த்தம். குளோ பிளக், இன்ஜெக்டர் பக்கம் பார்க்கணும். நீலமா வந்தா ஆயில் எரியுது. கறுப்பா வந்தா டீசல் அதிகம், இல்லைன்னா காத்து பத்தலை. இதுல அந்த மாதிரி வாடையே இல்லை. சோறு வடிக்கிறப்ப வர்ற ஆவி மாதிரிதான் இருந்துச்சு. கூலன்ட் ஊத்தியிருந்தா இனிப்பா ஒரு வாடை வருமாம்.

"அப்ப உள்ளே வெறும் தண்ணி"ன்னு சொல்லிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். (வண்டி ஆறியிருக்கும்போது மட்டும்தான் திறக்கணும். சூட்டுல திறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்.) அரை லிட்டருக்கு மேல குறைஞ்சிருந்துச்சு. தரையில ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. மூடியைத் திறந்து வெச்சே ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ரேடியேட்டர் வாயில குபுகுபுன்னு குமிழி. சிலிண்டர்ல வெடிக்கிற காத்து தண்ணிக்குள்ள வருது, தண்ணி சிலிண்டருக்குள்ள போகுது. நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா ஆயில்லயும் தண்ணி போயிருக்கும். நல்லவேளை, இல்லை.

அதோட விடலை. வண்டியை அணைச்சு, ரேடியேட்டரை நிரப்பி, கையால அடிக்கிற பம்பை வாயில மாட்டி பிரஷர் ஏத்தி வெச்சார். முள் மெதுவா இறங்குச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு குளோ பிளக்குகளைக் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சா, மூணாவது ஓட்டையில இருந்து தண்ணி பீச்சுது. இனிமே சந்தேகமே இல்லை. "இப்படியே ஓட்டாதீங்க தம்பி. தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டர்ல தண்ணி நிறைஞ்சா கனெக்டிங் ராடு வளைஞ்சு போயிரும். அப்பத்தான் நெசமாவே இன்ஜின் முடியும்"னார்.

நாலு நாள் வேலை. நடுவுல வந்த வெள்ளிக்கிழமைக்கு சித்தப்பா பையன் அவன் வேனைக் கொடுத்தான். ஹெட்டைக் கழட்டினா ரெண்டாவது சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் நடுவுல கேஸ்கெட் கருகிக் கிடந்துச்சு. ஹெட் அலுமினியம், சூடு அதிகமானா வளைஞ்சிடும். லேத்துக்குக் கொண்டுபோய் விரிசல் இல்லைன்னு பார்த்து, முகத்தை மட்டமாக்கி வாங்கினோம். புது கேஸ்கெட், புது போல்ட். போல்ட்டை நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, அளவு காட்டுற ஸ்பேனர்ல கொஞ்சம் கொஞ்சமாத்தான் முறுக்கினார். அவசரப்படவே இல்லை. மொத்தம் 18,500 ரூபாய் ஆச்சு.

எனக்கு ஆச்சரியமா இருந்தது ரேடியேட்டர்தான். உள்ளே குழாய் முழுக்க வெள்ளையா உப்பு படிஞ்சு பாதிக்கு மேல அடைச்சிருந்துச்சு. எனக்கு அதைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. தோட்டத்துல சொட்டுநீர் குழாய்க்குள்ள இருக்கிற அதே உப்பு. வித்தவர் வருஷக்கணக்கா போர் தண்ணியையே ஊத்தியிருக்கார். உப்பு அடைச்சு, இன்ஜின் சூடாகி, கேஸ்கெட் கருகி, கடைசியில புகை. கேஸ்கெட்டை மட்டும் மாத்திட்டு ரேடியேட்டரை விட்டிருந்தா ஆறு மாசத்துல திரும்பவும் அதே கதைதான். அதனால அதையும் கழட்டி சுத்தம் பண்ணினோம். தெர்மோஸ்டாட் புதுசு. கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊத்துற தண்ணியும் பாதிக்குப் பாதி.

ஒண்ணு மட்டும் கவனம். கூலன்ட் இனிப்பா இருக்கிறதால நாய், ஆடு எல்லாம் நக்கும். அது விஷம். மிச்சத்தை வாசல்ல ஊத்தாம கேன்ல அடைச்சு பட்டறையிலயே கொடுத்துட்டேன்.

அடுத்த செவ்வாய் ஈரோடு போய் வந்தாச்சு. கண்ணாடியில பின்னாடி பனி மட்டும்தான் தெரிஞ்சுது. அப்பா முன் சீட்டுல தூங்கிட்டே வந்தார். மஞ்சள் காட்டு சொட்டுநீர் குழாய்க்கு இந்த வாரம் ஆசிட் விடணும், அது தனி வேலை.