மகாவலிக் கரையில் தாராக் குஞ்சுகள்

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையைத் தரிசித்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைப்பித்த வாவியைச் சுற்றி நடந்து, பேராதனைப் பூங்காவைக் கண்டு களித்துத் திரும்பிவிடுவது வழக்கம். நகருக்குக் கிழக்கேயுள்ள குண்டசாலைப் பக்கம் செல்வோர் சிலரே. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீர நரேந்திர சிங்கன் மாளிகை எழுப்பி வாழ்ந்த ஊர் அது. 1739இல் அவன் மறைந்தபின், மதுரையிலிருந்து பெண் கொண்ட உறவின் வழியாக நாயக்கர் குலத்தவர் கண்டி அரியணை ஏறினர். இன்று அவ்வூர் அரசுரிமையால் அன்றி விவசாயத்தால் பேர் பெற்று விளங்குகிறது. விவசாயக் கல்லூரி ஒன்றும், அயலிலுள்ள கரந்தகொல்லையில் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையமும் அங்குள்ளன. மேற்கே பேராதனையிலோ, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் இருக்கின்றன. மகாவலி கங்கை வளைந்தோடும் இந்நிலப்பரப்பைக் கோழி, தாரா வளர்ப்போரின் பாடசாலை என்றே சொல்லலாம்.

தாரா முட்டையை வீட்டிலேயே பொரிக்கவைக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. முட்டைக்கென மனிதன் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய தாராக்கள் அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. இங்கிலாந்தில் உருவான காக்கி கம்பல் இனம் ஆண்டில் 250 முட்டைகளுக்கு மேலும் இடும். ஆனால் அவற்றின்மேல் அமர்ந்திருக்க அதற்குப் பொறுமையில்லை. ஆகவேதான் கிராமத்தார் தாரா முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்தனர். சீனத்திலும் பாலித் தீவிலும் நெல்லையும் உமியையும் சூடாக்கி அவ்வெப்பத்தில் குஞ்சு பொரிக்கவைத்தனர். பண்டை எகிப்தியரோ அதற்கென மண் சூளைகளையே கட்டினர். இன்று ரெஜிபோம் பெட்டி, மின்குமிழ், சிறு விசிறி, வெப்பச் சீராக்கி ஆகியவை கிடைத்தால் வீட்டு மூலையிலேயே அடைகாக்கும் கருவி தயாராகிவிடும்.

கோழிக்குஞ்சு 21 நாளில் வெளிவரும். சாதாரணத் தாராவுக்கு 28 நாள் வேண்டும். மஸ்கோவி இனத்துக்கு 35 நாள். விசிறியுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸில் நிற்கவேண்டும். ஈரப்பதன் 55 முதல் 60 வீதம் வரை இருத்தல் நன்று. முட்டைகளை 25ஆம் நாள்வரை தினமும் மூன்று முதல் ஐந்து தடவை திருப்பவேண்டும்; இன்றேல் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் ஒளி பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். அவை தெரியாதது கூழ்முட்டை.

இரண்டாம் வாரம் தொடக்கம் நாளுக்கொருமுறை பெட்டியைச் சற்றுத் திறந்து முட்டைகளை ஆறவிட்டு, இளஞ்சூட்டு நீரை மென்மையாகத் தெளிப்பது பலருடைய வழக்கம். தாய்த்தாரா இரைதேடி எழுந்துபோய், ஈரச் சிறகுடன் திரும்பிவந்து அமர்வதை இது ஒத்திருக்கிறது. ஆயினும் கண்டியின் காற்று கொழும்புக் காற்றன்று. கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரில், மார்கழி, தை இரவுகள் குளிரும். மழைக்காலத்தில் அறையே ஈரம் கசியும். அக்காலத்தில் நீர்த்தட்டைக் குறைக்கவேண்டும். முட்டைக்குள்ளிருந்து போதிய நீர் ஆவியாகாவிடில் காற்றறை சிறுத்துப்போகும். முழுவளர்ச்சி பெற்ற குஞ்சு, ஓட்டுக்குள்ளேயே மூச்சடைத்து மடியும்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய வேளையில் பெட்டியை மூடியே வைத்துக் கம்பளியால் போர்த்தி, வெந்நீர்ப் போத்தல்களை உள்ளே வைக்கலாம். வளர்ந்த கரு தானே வெப்பத்தை வெளியிடுமாதலால் சில மணித்தியாலக் குளிரைத் தாங்கக்கூடும். மிகுவெப்பத்தையோ அது தாங்காது; ஆகவே பதறிச் சூடேற்றுவதே பெருந்தீங்கு. அதற்கடுத்த 2023ஆம் ஆண்டில் முட்டைத் தட்டுப்பாட்டினால் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதை நினைப்போர், கொல்லையில் பத்துத் தாராக்கள் நிற்பதன் அருமையை உணர்வர்.

இறுதி மூன்று நாளும் முட்டையைத் திருப்பலாகாது. ஈரப்பதனை 70 வீதத்திற்கு மேல் உயர்த்தவேண்டும். ஓட்டில் முதல் வெடிப்புக் கண்டபின் குஞ்சு வெளிவர ஒரு நாளோ இரு நாளோ செல்லும். அந்நேரத்தில் ஓட்டை உடைத்து உதவப் பிள்ளைகளின் கை துடிக்கும். அதைத் தடுப்பது பெற்றோர் கடமை. குஞ்சு ஓய்வதுபோல் தோன்றும் அந்நேரத்தில்தான், எஞ்சிய மஞ்சட்கருவும் ஓட்டை ஒட்டிய நாளங்களின் இரத்தமும் அதன் உடலுக்குள் செல்கின்றன. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் பெருகி உயிர் போகும்.

தாயின்றிப் பிறந்த குஞ்சுகளை முதற்கிழமைகளில் தனியே நீரில் விடவும் கூடாது. நனைந்து குளிரில் விறைத்துவிடும். தாய் மறந்த கடமையை ஒரு குடும்பம் ஏற்கும்போது, 28 நாளும் யாரேனும் ஒருவர் விழித்திருந்து வெப்பமானியைப் பார்த்தாகவேண்டும். விடுமுறைக்குக் கண்டி செல்லும் மாணவர்கள், வாவியையும் பூங்காவையும் பார்த்தபின், இக்கலையைப் பயின்றவரையும் தேடிக் கண்டு கேட்டறிந்து வருவார்களாக.