முகமும் முத்திரையும்

என் பாட்டியார் மறைந்த அன்று, மாலை சாத்துதற்கு அவருடைய படம் ஒன்றேனும் எங்கள் வீட்டில் இல்லை. பேரன் ஒருவன் கைப்பேசியில் எடுத்திருந்த படங்கள் அக்கைப்பேசி பழுதானபோதே போய்விட்டன. எனவே என் தந்தையார் பாட்டியாரின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நகரத்திற்கு ஓடினார். கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிதான அம்முகத்தை ஒரு கடைக்காரர் முழ அளவிற்குப் பெரிதாக்கித் தந்தார். பெரிதாக்கியதோடு நில்லாமல் வெளுப்பாக்கியும் தந்தார். நாற்பதாண்டுக் காலம் பால்வெட்டி, வெயிலிற் கறுத்த முகம் இன்று எங்கள் சுவரில் யாரோ ஒரு சீமாட்டியின் முகமாய்த் தொங்குகின்றது. வீட்டிற்கு வரும் சிறுவர்கள், "இது யார்?" என்று கேட்கின்றனர். நாங்களும் விடை கூறச் சற்றே தயங்குகின்றோம்.

இந்நாட்டில் அடையாள அட்டை 1948-இல், அவசரகாலச் சட்டத்தையொட்டி வந்தது. ஆளைத் தெரிந்துகொள்ள அரசாங்கம் எடுத்த படம் அது. உழைத்து ஓய்ந்த ஒருவருக்கு உலகில் எஞ்சிய ஒரே படம், பிறர் தம் பதிவேட்டுக்காக எடுத்த படமாக இருப்பது வருந்தத்தக்க செய்தியன்றோ?

நிற்க. நான் நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே உள்ள ஒரு தோட்டத்தில் கிராணியாக இருப்பவன். ரப்பர் நின்ற இடமெல்லாம் இப்பொழுது செம்பனை நிற்கின்றது. தமிழர் நிரை பிடித்த இடத்தில் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் வேலை செய்கின்றனர். பழைய லயத்தில் பதினொரு தமிழ்க் குடும்பங்களே எஞ்சியிருந்தன. அவர்களும் ஓராண்டுக்குள் வீட்டை ஒழித்துக் கொடுக்கவேண்டும் என்ற கடிதத்தை என் கையாலேயே தட்டெழுதிக் கொடுக்க நேர்ந்தது. அன்றிரவு எனக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. இவர்கள் போகுமுன், ஒவ்வொரு முதியவரையும் அவரவர் வாயிற்படியில் உட்காரவைத்து, அவரவர் நிறத்திலேயே ஒரு நல்ல படம் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்பதே அது.

கைப்பேசி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வெளிச்சத்தில் கையகலத்துக்குப் பார்க்கப் போதும். ஆனால் கைப்பேசியில் ஒளியை ஏற்கும் சில்லு மிகச் சிறியது. துத்தநாகக் கூரையின் கீழ், அரையிருளில் உட்கார்ந்த கிழவரின் முகத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்கு எடுக்கவேண்டுமாயின், பெரிய சில்லும் அகன்ற லென்ஸும் உள்ள காமிராவே உகந்தது. ஆகவே ஆயிரத்தைந்நூறு வெள்ளி சேர்த்துக்கொண்டு காமிரா வாங்கப் புறப்பட்டேன். புறப்பட்டவன் நடுவழியில் நின்றுபோனேன்.

எனக்கு இரு நண்பர். ஒருவர் பள்ளி ஆசிரியர். கேனன் தவிர வேறொன்றைக் கையாலும் தொடார். மற்றவர் சிரம்பானில் கலியாணப் படம் எடுப்பவர். நிக்கானே அவருக்கு எல்லாம். காப்பிக்கடையில் இவர்கள் இருவருக்கும் நடந்த வாதத்தைக் கேட்டபோது, காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமம் இடுவதா தென்கலை நாமம் இடுவதா என்று வழக்காடியதாகச் சொல்லப்படும் கதை நினைவுக்கு வந்தது. யானையை ஒருவரும் கேட்கவில்லை. என் கதையில் யானை லயத்தில் உட்கார்ந்திருந்தது.

நானோ ஆங்கில வழியிற் கற்றவன். அச்சில் வந்ததை ஆராய்ந்து முடிவு செய்வதே அறிவுடைமை என்று பழக்கப்பட்டவன். எனவே அளவுகளை எழுதி அட்டவணை போட்டேன். ஏறத்தாழ ஒரே விலையில் விற்கும் இவ்விரு தொடக்கக் காமிராக்களிலும் 24 மெகாபிக்சல். சில்லின் அகலம் நிக்கானில் ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர், கேனனில் 22.3. வேற்றுமை ஒரு நெல்லின் தடிமன்கூட இல்லை. 24 மெகாபிக்சல் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் வரும். தோட்ட வீட்டுச் சுவர் எதற்கும் அது போதும். இதைத் தெரிந்துகொண்ட அன்றே நான் அட்டவணையை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை.

பழைய வரலாற்றையும் படித்தேன். 1917-இல் தோன்றிய நிப்பான் கோகாக்கு என்னும் ஆடித் தொழிற்கூடமே இன்றைய நிக்கான். 1933-இல் தோக்கியோவில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பின்னர்க் கேனன் ஆயிற்று. 1936-இல் கேனன் விற்பனைக்குக் கொணர்ந்த முதற் காமிராவுக்கு லென்ஸ் செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? அந்த நிப்பான் கோகாக்குதான்! காப்பிக்கடையில் நாம் யாருக்காகச் சண்டையிடுகின்றோமோ, அவர்களுடைய முன்னோர் ஒருவர் கண்ணை மற்றவருக்குக் கொடுத்தே தொழில் தொடங்கியிருக்கின்றனர். இதை ஆசிரியரிடம் கூறியபோது அவர், "லென்ஸ்தானே அவர்களது, காமிரா எங்களது" என்றார்.

உண்மையான வேற்றுமை ஒன்றே ஒன்று கண்டேன். நிக்கான் 1959-இல் அமைத்த லென்ஸ் பூட்டும் வாயையே பல பத்தாண்டுகள் காத்து வந்தது. கேனன் 1987-இல் பழைய வாயை அறவே விட்டு, குவியத்தைத் திருப்பும் மோட்டாரை ஒவ்வொரு லென்ஸின் உள்ளேயே வைத்துப் புதுவாய் அமைத்தது. ஆதலின் கேனன்காரர் 1987-க்குப் பின் அப்புதுவாய்க்கென வந்த பெரும்பாலான லென்ஸ்களையும் அத்தலைமுறைத் தொடக்கக் காமிராவிற் பூட்டித் தானாகவே குவியம் பெறலாம். நிக்கானின் தொடக்கக் காமிராக்களிலோ மோட்டார் இல்லை. மோட்டாரற்ற பழைய லென்ஸைப் பூட்டினால் குவியத்தைக் கையாலே திருப்பவேண்டும். 2018-இல் இரு நிறுவனங்களும் உள்ளே ஆடி இல்லாத புதுவகைக்கென வேறு வாய் அமைத்துக்கொண்டன. அதன் பயனாய், ஆடியுள்ள பழைய வகை கைமாறி மலிவாய்க் கிடைக்கின்றது. தொடங்குவோனுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இவ்வளவைத் தெரிந்துகொள்ள நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன்.

அந்த நான்காம் மாதத்தில் ஒரு காலை பிரட்டுக் களத்திலிருந்து திரும்புகையில் ஏழாம் நம்பர் வீட்டில் பூட்டுத் தொங்கக் கண்டேன். அங்கிருந்த பாட்டி, எண்பதைக் கடந்தவர், மகனுடன் சிரம்பானில் மாடிவீட்டுக்குக் குடிபோய்விட்டார். என் பட்டியலில் முதலாவது பெயர் அவருடையது. "தம்பி, எப்போ படம் பிடிக்கப் போறே?" என்று அவர் மும்முறை கேட்டிருந்தார். "இன்னும் காமிரா முடிவாகவில்லை பாட்டி" என்று மும்முறையும் விடை கூறியிருந்தேன். அறுபது ஆண்டு அவர் உட்கார்ந்து தேய்த்த வாயிற்படி வெறுமையாய்க் கிடந்தது. என் அட்டவணையில் அந்தப் படிக்கு ஒரு கட்டம் இல்லை.

அன்று மாலையே கலியாணப் படக்கார நண்பரிடம் சென்றேன். "எதை வாங்கினால் உம்மிடம் லென்ஸ் இரவல் கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துத் தம் பெட்டியைத் திறந்தார். கைமாறிய நிக்கான் ஒன்றை வாங்கினேன். நான்கு மாத ஆராய்ச்சி செய்யாத முடிவை இந்த ஒரு வினா செய்துவிட்டது. பக்கத்தில் கேனன்காரர் இருந்திருப்பாராயின் கேனனே வாங்கியிருப்பேன். படம் ஒன்றும் கெட்டிராது. புதிதாகத் தொடங்குவோர்க்கு நான் துணிந்து கூறும் புத்திமதி இதுவே: கையில் எடுத்துப் பாருங்கள், பிடி பொருந்த வேண்டும், பிறகு, உங்கள் பக்கத்தில் கற்றுக்கொடுக்கவும் இரவல் கொடுக்கவும் ஆளுள்ள மார்க்கை வாங்குங்கள்.

நண்பர் கொடுத்தது 50 மில்லிமீட்டர் பழைய லென்ஸ், மோட்டாரற்றது. ஆனால் அதன் வாய் 1.8 வரை திறக்கும். காமிராவுடன் வரும் சாதாரண லென்ஸ் அந்நீளத்தில் 5.6 அளவே திறக்கும். அதனினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளி இதில் நுழைகின்றது. குவியத்தைக் கையாலே திருப்பி, நோக்குத்துளையில் சிறு பொட்டு ஒளிரும்வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பால் ஒரு நன்மையும் உண்டாயிற்று. முகத்தை உற்றுப் பார்க்கக் கற்றேன்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேனனில் தோல்நிறம் அழகு என்று ஆசிரியர் அடிக்கடி கூறுவார். யாருடைய தோல் என்று நான் கேட்டதில்லை. வண்ணப் படத்தொழில் வளர்ந்த காலத்தில், நிறம் சரியாக உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் படமே இருந்தது. இன்றைய காமிராவின் ஒளிமானியும் எக்காட்சியையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிலைக்கே இழுக்கப் பார்க்கின்றது. சுண்ணாம்புச் சுவர் முன் கறுத்த முகத்தை வைத்தால் சுவரைக் கண்டு ஒளியைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். இருண்ட வாயிலில் வைத்தால் இருட்டைக் கண்டு ஒளியைக் கூட்டி முகத்தை வெளுக்கச் செய்யும். முன்னதில் ஒரு படி கூட்டியும் பின்னதில் ஒரு படி குறைத்தும் நாமே திருத்தவேண்டும். எந்த மார்க்கும் நம் நிறத்தைத் தானே அறிந்து காப்பாற்றாது. அது எடுப்பவன் கடன்.

லயத்தில் எஞ்சிய பத்து வீட்டாரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுத்தேன். பின்பு சிரம்பான் மாடிவீட்டைத் தேடிச் சென்றேன். பாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, காமிராவைப் பார்த்தார்.

"இது எந்த ஊருச் சாமான் தம்பி?"

நான் என் நான்கு மாதக் கல்வியை விரிக்கத் தொடங்கினேன். நிக்கான் என்றும் கேனன் என்றும் இரண்டு உண்டு என்றேன்.

"ரெண்டும் எந்த ஊரு?"

"ஜப்பான், பாட்டி."

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பாவையும் ஜப்பான்காரன்தான் சயாமுக்குக் கொண்டு போனான். அப்போ நான் அம்மா வயித்துல" என்றார்.

1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். எங்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் போயினர். திரும்பாதவர் மிகப் பலர். அவருள் எத்தனையோ பேருக்கு அடையாள அட்டைப் படம்கூடக் கிடையாது. அந்த அட்டை வந்ததே அவர்கள் போன பின்பு. இதையெல்லாம் நான் நூலிற் படித்திருந்தேன். இரண்டு மார்க்குகளையும் அருகருகே வைத்து அளந்த நாளில் இது ஒருமுறையேனும் என் நினைவுக்கு வரவில்லை.

காமிராவைக் கீழே வைக்கவா என்று கேட்டேன். "சாமான் என்ன பண்ணும்? நீ எடு" என்றார்.

அடுத்த வாரம் பன்னிரண்டு அங்குல அச்சுப்படமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளுப்பாக்கவில்லை, சுருக்கம் ஒன்றையும் அழிக்கவில்லை. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா சொல்லுவா, நான் அப்படியே எங்கப்பா சாயல்னு. அவரும் கிழவராகியிருந்தா இப்படித்தான் இருந்திருப்பாரு போல."

தோழர்களே! காமிரா வாங்க எண்ணுவோர் வாங்குங்கள்; எதுவாயினும் வாங்குங்கள்; ஆனால் விரைந்து வாங்குங்கள். எடுத்த படத்தைக் கைப்பேசியிலும் கணினியிலும் புதைத்து வையாமல் தாளில் அச்சிடுங்கள். பின்புறத்தில் பெயரும், தோட்டமும், ஆண்டும் எழுதுங்கள். நான் பாட்டியின் படத்துக்குப் பின்னே அவ்வாறே எழுதிக் காட்டினேன். அவர் தம் தந்தையின் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.