கச்சான் விடும் நேரம்

புதுச்சேரிக்குக் குடிவந்த முதல் வாரம், மதியம் இரண்டு மணிக்குப் பேனா வாங்க நேரு வீதிக்குப் போனேன். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. திரும்பும் வழியில் மணக்குள விநாயகர் கோயிலிலும் நடை சாத்தியிருந்தது. “வெள்ளைக்காரன் பழக்கிவிட்ட தூக்கம் சார்” என்றார் ஆட்டோக்காரர். நானும் கொஞ்ச காலம் அதையே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

எனக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அந்த மூன்று மணி நேரத்தில் விட்ட ஒற்றுப்பிழைகளைப் பிடிக்க மறுநாள் காலை ஒரு மணி நேரம் போகும். கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான்.

வம்பாக்கீரப்பாளையத்தில் மீன் வாங்கும்போது ஒரு பெரியவரிடம் புழுக்கத்தைப் பற்றிப் புலம்பினேன். ஆனி மாதம் அது. வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “கச்சான் அடிக்குது தம்பி. அது விட்டாத்தான் கடக்காத்து உள்ள வரும். நாலு மணிக்கு மேல பாருங்க.”

பார்த்தேன். நாலேகாலுக்கு மாடிக் கொடியில் கிடந்த துண்டு மேற்குப் பக்கம் திரும்பியது. வெயிலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சித்திரையில் அது உச்சிப்பொழுதை ஒட்டியே வந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் அதை எதிர்த்துத் தள்ளுவதால் தாமதமாகும். சில நாள் வரவே வராது. கடைக்காரர் ஷட்டரை இறக்குவதற்குப் பிரெஞ்சுக்காரர் தேவையில்லை, இந்த வெயிலே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

சொல்லப்போனால், பிரெஞ்சுக்காரர்கள்தான் இந்தக் கரையின் காற்றிடம் பாடம் கற்றார்கள். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே, புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயோடு ஏற்பட்ட இழுபறியில் அக்டோபர் வரை அங்கேயே தங்கிவிட்டார். வடகிழக்குப் பருவம் தொடங்கும் மாதம் அது. புயல் வந்து அவருடைய கப்பல்கள் சிலவற்றை விழுங்கியது. இங்கே அந்தக் காலத்தில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் கப்பல் வரத்தைப் பார்த்து வியாபாரம் செய்தவர்தான். கப்பலோ காற்றைப் பார்த்து வந்தது.

இப்போது திருத்த வேலையை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறேன். பதினொன்றோடு மூடிவைத்துவிடுவேன். மதியம் தூக்கம், வெட்கமில்லாமல். காற்று வந்தபின் இரண்டாவது வாசிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஏற்பாடு குலைந்துபோகும்; மழை நாளுக்குக் காலையும் இல்லை, மாலையும் இல்லை. அப்போது நினைத்த நேரத்தில் எழுதுகிறேன், நனைந்த துணிகளுக்கு நடுவே.

போன ஆனியில் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் மூன்று மணிக்குப் பக்கங்கள் வேண்டும் என்றார். நாலரைக்கு மேல் தருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். கச்சானைப் போனில் எப்படி விளக்குவது? மின்சாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.