பொள்ளாச்சிக்காரர் மீது நான் சுமத்திய பழி

சி. சுப்பிரமணியத்தை மேடையில் திட்டுவது எனக்கு மிகச் சுலபமான வேலையாக இருந்தது. இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் பேசுவதற்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கல்யாண மண்டபமோ பள்ளிக்கூட மைதானமோ, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டம் கொஞ்சம் தளரும். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைப்பார்கள். அந்த நேரம் பார்த்து இதை எடுத்து விடுவேன்: "பொள்ளாச்சிக்காரர் பொட்டாஷைக் கொண்டு வந்தார், பொட்டாஷ் நம்ம மண்ணைக் கொண்டு போச்சு!" பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்து கைதட்டுவார்கள்.

அந்த மோனைக்கு நான் கொடுத்த விலை என்ன என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சமீபத்தில் ஒரு இளைஞர் தன் வீடியோவை அனுப்பிவைத்தார். என் வரியோடு தொடங்கி, நான் ஒருபோதும் சொல்லாத பொய்களையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஆதாரம் என்று என் பெயரைப் போட்டிருந்தார். இனிமேல் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது.

சுப்பிரமணியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாநில அமைச்சர். 1954-ல் கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். தோற்ற மனிதரையே கூப்பிட்டு அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார் காமராஜர். கல்வியையும் நிதியையும் அவரிடம் கொடுத்தார். மதிய உணவுத் திட்டம் பரவியபோது அதற்குப் பணம் தேட வேண்டிய நாற்காலியில் இருந்தவர் சுப்பிரமணியம். 1962-ல் தில்லிக்குப் போய் உருக்கு அமைச்சரானார். 1964-ல் நேரு மறைந்து சாஸ்திரி வந்ததும் உணவும் விவசாயமும் அவர் கைக்கு வந்தன. எந்த அரசியல்வாதியும் விரும்பிக் கேட்டு வாங்காத இலாகா அது.

இவ்வளவும் அப்போதே தெரியும். அவருடைய தன்வரலாற்றில் பசுமைப் புரட்சிக்கென்றே ஒரு தொகுதி உண்டு. அது என் அலமாரியில்தான் இருந்தது. படித்தும் இருந்தேன்.

அப்புறம் ஏன் அவரைப் பிடித்தேன்? ஒரு காரணம் வெட்கக்கேடானது. அவர் எங்கள் ஜில்லாக்காரர். வெளியூர்க்காரனைத் திட்டினால் அது சாதாரணப் பேச்சு. சொந்த ஊர்க்காரரைத் திட்டினால் நடுநிலையாளன் என்று பெயர் கிடைக்கும். "பார்த்தாயா, தன் மண்ணின் மைந்தனையே விட்டுவைக்கவில்லை" என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. இன்னொரு காரணம், வில்லன் ஒருவர் இல்லாமல் பேச்சு நிற்காது. யூரியா மானியம், மின்மோட்டார், வங்கிக் கடன், ரேஷன் கடை, நாமே பாலிஷ் அரிசிக்கு ஆசைப்பட்டது என்று பாரம்பரிய நெல் போன கதையில் பல கைகள் உண்டு. அத்தனையையும் விளக்கினால் கூட்டம் தூங்கிவிடும்.

நான் வேண்டுமென்றே விட்டது 1966-ஐ.

1964–65-ல் நாட்டின் தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன். மழை பொய்த்த அடுத்த ஆண்டு அது 7.2 கோடி டன்னாக விழுந்தது. 1966-ல் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதையும் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாகக் கொடுக்கவில்லை. கப்பல் கப்பலாக, நம் நடத்தையைப் பார்த்துப் பார்த்து விட்டார். வியட்நாம் போரைப் பற்றித் தில்லி ஏதாவது சொன்னால் கப்பல் தாமதமாகும். இந்தக் கயிற்றை அறுக்கத்தான் சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை 1966-ல் இறக்கினார். அந்நியச் செலாவணி எங்கே என்று நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார், திட்டக் கமிஷன் முகம் சுளித்தது, இடதுசாரிகள் அமெரிக்கச் சதி என்றார்கள். சுப்பிரமணியம் தன் தில்லி பங்களாப் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். விஞ்ஞானிகளின் சொல் எடுபடவேண்டும் என்று, ஐ.சி.எஸ். அதிகாரிகள் ஆண்டுவந்த வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் பி.பி. பால் என்ற விஞ்ஞானியை உட்காரவைத்தார். 1964–65-ல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை 1970–71-ல் 2.38 கோடி டன் ஆயிற்று.

நான் மேடையில் சொன்னதோ "அமெரிக்காவுக்கு அடிமைப்படுத்திய விதை". அடிமைத்தனம் விதைக்கு முன்னால் கப்பலில் வந்தது, விதை வந்து அதைக் குறைத்தது என்பதைத் தெரிந்துகொண்டே திருப்பிச் சொன்னேன். மெக்சிகோ கோதுமை வந்து நம் மாப்பிள்ளைச் சம்பாவை விரட்டியது என்றுகூட ஒருமுறை பேசியிருக்கிறேன். பஞ்சாபில் விதைத்த கோதுமை தஞ்சாவூர் நெல்லை எப்படி விரட்டும்? தஞ்சாவூரில் குறுவைக்குப் பரவிய ஏடிடி 27, ஆடுதுறையில் நம் ஆட்கள் உருவாக்கியது. இதைக் கேட்க அன்று கூட்டத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் மைக் என் கையில்தானே இருந்தது.

புள்ளிவிவரத்தையாவது மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், வயிறு மறக்காது. 1966-ல் நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். ரேஷன் கடையில் அரிசி இல்லை என்று பலகை தொங்கும். அம்மா வாங்கிவரும் சிவப்புச் சோளத்தை எப்படிச் சமைப்பதென்று தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. கால்நடைக்குப் போடுவதை நமக்குப் போடுகிறார்கள் என்று பாட்டி முனகிக்கொண்டே அரைப்பாள். களி தொண்டையில் இறங்காமல் நான் அழுததும், "துப்பினா நாளைக்கு இதுவும் கெடைக்காது" என்று அம்மா முதுகில் வைத்ததும் இன்றும் நினைவில் உண்டு. எந்த மேடையிலும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் வில்லனின் நிறம் மாறிவிடும்.

இதை எனக்கு ஒரு பெரியவர் நேருக்கு நேர் சொல்லியும் இருக்கிறார். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம். கேள்வி நேரத்தில் எழுந்தார். துவைத்து மடித்த துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பேசினார். "ஏனுங்க தம்பி, நீங்க சொல்றது அத்தனையுஞ் சரிங்க. மண்ணு கெட்டுத்தான் போச்சு. ஆனா ஐஆர் எட்டு நெல்லு வந்த வருசந்தானுங்க எங்கூட்ல ராத்திரிக்கும் நெல்லஞ்சோறு. அதுக்கு முந்தி கடன் வாங்கித் தின்னமுங்க. அதையுஞ் சேத்திச் சொல்லீருங்க தம்பி."

நான் மைக்கில் சொன்ன பதில்: "அய்யாவுக்கு யூரியா மண்டைக்கு ஏறிப்போச்சு போலிருக்கு." மண்டபம் அதிரச் சிரித்தது. அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அமைப்பாளர்கள் "சரியான பதில் தோழர்" என்று கைகொடுத்தார்கள். என் அப்பா வயதிருக்கும் அவருக்கு. என்னுடைய குற்றங்களில் முதலிடம் இதற்குத்தான்.

இதைவிட வேடிக்கை அந்தக் கூட்டங்களின் கடைசியில் நடக்கும். தீர்மானங்கள் வாசிப்பார்கள். தவறாமல் ஒன்று இருக்கும்: குறைந்தபட்ச ஆதரவு விலையைச் சட்டமாக்கு, நெல் கொள்முதலை நிறுத்தாதே. நானும் கை தூக்குவேன். விளைச்சல் பெருகினால் விலை விழும், விலை விழுந்தால் விவசாயி புதிய விதையைத் தொடமாட்டான் என்று விலைக்கு ஏற்பாடு செய்ததும் அதே சுப்பிரமணியத்தின் காலம்தான். 1965-ல் விவசாய விலைக் கமிஷன் வந்தது. தாந்த்வாலா அதன் முதல் தலைவர். அதே ஆண்டு ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 2020-ல் தில்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகளை ஆதரித்து உருக்கமாக எழுதினேன். அவர்கள் காப்பாற்றத் துடித்த கட்டிடத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் நான் மேடைதோறும் வைத அதே ஆள் என்பதை அந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. அப்போது கூட்டமும் இல்லை, பீடியும் இல்லை. தனியாக உட்கார்ந்து எழுதும்போதும் விட்டேன். பழக்கமாகிவிட்டது.

இந்தி எதிர்ப்பு மொழிப் போராட்டத்தைப் பேசும்போதும் இதே கைவரிசைதான். 1965 பிப்ரவரியில் தமிழ்நாடு கொந்தளித்தபோது சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார். அதன் பிறகு ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள். நான் திரும்பப் பெற்றதை மட்டும் சொல்வேன். கொடுத்ததைச் சொல்லமாட்டேன்.

அவர் 1967-ல் தோற்றதையும் மக்கள் தந்த தண்டனை என்றே பேசினேன். உண்மையில் அது கொடுமையான தற்செயல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எதிரில் நின்ற தேர்தல் அது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். கோபிச்செட்டிபாளையத்தில் நின்ற உணவு அமைச்சர் சோற்றுக் கோபத்தில் அடித்துக்கொண்டு போனார். புதிய கோதுமையின் பெரிய அறுவடை வந்தது அடுத்த ஆண்டு, 1968-ல். கோதுமைப் புரட்சி என்று இந்திரா காந்தி அரசு தபால் தலை வெளியிட்டபோது சுப்பிரமணியம் அமைச்சராக இல்லை.

இதையெல்லாம் சொல்லி அவருக்குக் கோயில் கட்டப் போவதில்லை. நெருக்கடி நிலையின்போது அவர் நிதியமைச்சர். அந்த அமைச்சரவையில் கடைசிவரை இருந்தார். கிராமிய வங்கிகளைத் தொடங்கினார் என்பதால் அது சரியாகிவிடாது. 1965 டிசம்பரில் அந்நிய உர நிறுவனங்களுக்குச் சலுகை கொடுத்தது விவாதத்துக்கு உரியது. பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கியதும், மானிய உரத்துக்கு நாம் அடிமையானதும், ஒரே ரகத்தில் ஊரே விழுந்ததும் உண்மை. இயற்கை வேளாண்மைக்காகப் போராடிய நம்மாழ்வார் எழுப்பிய கேள்விகள் அப்படியேதான் நிற்கின்றன. நானும் ரசாயனம் போடாமல்தான் இன்றும் பயிர் செய்கிறேன். என் கட்சி மாறவில்லை. பஞ்ச காலத்தில் எடுத்த முடிவுக்கும், பஞ்சம் தீர்ந்த பிறகு ஐம்பது வருஷம் அதை மாற்றாமல் விட்டதற்கும் ஒரே ஆளைப் பொறுப்பாக்கினேன். பின்னதில் அவருக்குப் பிறகு வந்த அமைச்சர்களுக்கும், ஓட்டுப் போட்ட நமக்கும் பங்கு உண்டு. அவர்களைத் திட்ட மோனை அமையவில்லை.

1998-ல் அவருக்கு பாரத ரத்னா கொடுத்தபோது, மண்ணைக் கெடுத்ததற்கு விருதா என்று ஒரு சிறு பத்திரிகையில் எழுதினேன். 2000 நவம்பரில் அவர் இறந்தபோது இரங்கல் குறிப்புக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். மறுத்ததை ஒரு கொள்கைபோல நண்பர்களிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

என் பேச்சுகளைத் தொகுத்து ஒரு சிறுநூல் வந்திருக்கிறது. மறுபதிப்பில் சுப்பிரமணியம் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொன்னேன். வாசகர்கள் விரும்பும் பகுதியே அதுதான் என்று பதிப்பாளர் தயங்குகிறார். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பழைய பிரதி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கங்களை யாருக்கும் மேற்கோள் காட்ட வேண்டாம். வீடியோ போட்ட தம்பி, என் பெயரையும் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் எழுபது வயது தாண்டியவர்கள் யாராவது இருந்தால், 1966-ல் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள்.