மருமானும் மானும்

என் மருமான் மான் வேட்டைக்குப் போகிறான் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் என் அக்கா. சொன்னாள் என்பதைவிட, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் என்பதுதான் சரி. அரியமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஒரு முட்டைகூட உள்ளே வந்ததில்லை. அந்த வீட்டில் பிறந்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் சேஷசாயி பாலிடெக்னிக்கில் படிப்பைத் தொடங்கி, படிப்படியாக ஏறி அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலம் வரைக்கும் வேலைக்குப் போன பிள்ளை, கடைசியில் வில்லும் அம்புமாக ஒரு மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்றால் பெற்ற மனம் என்ன பாடுபடும்?

"துப்பாக்கிகூட இல்லையாம்டா, வில்லாம்! இவன் என்ன ராமனா?" என்றாள்.

"ராமனே அந்த மான் விஷயத்தில் ஏமாந்துதானே போனான்" என்றேன். சமாதானமாக இருக்கட்டும் என்று சொன்ன வார்த்தை. அழுகை இன்னும் அதிகமாயிற்று. வேட்டை என்று ஒன்று வேண்டுமானால், விஜயதசமியன்று ஸ்ரீரங்கத்தில் பெருமாள் காட்டழகிய சிங்கர் கோயிலுக்கு எழுந்தருளி அம்பு போடுகிறாரே, அது போதாதா குடும்பத்துக்கு என்பது அவள் கட்சி.

போன ஆடியில் அவன் லீவில் வந்தான். வந்த அன்றைக்கே அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டேன். நம் நாட்டில் 1972ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு மான்மேல் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அங்கேயோ, சர்க்காரே அனுமதிச் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறது. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் வெள்ளைவால் மான்கள் பத்து லட்சத்துக்கு மேல். ஓநாயும் புலி ஜாதியும் அருகிப்போன இடத்தில் அவை பெருகிப் பயிரைத் தின்கின்றன, ராத்திரியில் காரில் வந்து மோதுகின்றன. செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரைக்கும் வில்லுக்குக் காலம். இதையெல்லாம் அவன் அவசரமாகச் சொல்லி முடித்தான். நியாயம் சொல்லிக்கொள்ள வந்தவனாகத் தோன்றவில்லை. வேறு ஏதோ அவன் மனசில் இருந்தது.

"குண்டு மாதிரி இல்லை மாமா, அம்பு. குண்டு அடிச்ச அதிர்ச்சியிலேயே சாய்ச்சிடும். அம்பு அறுக்கும், அவ்வளவுதான். ரெண்டு நுரையீரலிலும் பாய்ஞ்சா நூறு கஜம் ஓடறதுக்குள்ள, சில விநாடியில, முடிஞ்சுடும். கொஞ்சம் தள்ளிப் பட்டுதோ..."

அவன் முடிக்கவில்லை. பொன்மலைப் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போயிற்று.

அதனால் எப்போது விடுவது என்பதைவிட எப்போது விடக் கூடாது என்பதுதான் அங்கே பாடமாம். மான் நேராக நம்மைப் பார்த்து நின்றால் விடக் கூடாது. மார்பெலும்புதான் எதிரே நிற்கும். பக்கவாட்டில் நிற்க வேண்டும். அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்க வேண்டும். நடுவில் ஒரு சுள்ளி குறுக்கிட்டாலும் கூடாது. பொழுது சாய்ந்து, பட்ட மானைத் தேட வெளிச்சம் இல்லாவிட்டால் கூடாது. தலையைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டு நின்றால் கூடவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அவன் என் நோட்டுப் புத்தகத்தில் கணக்காகவே போட்டுக் காட்டினான். முப்பது கஜ தூரம் என்றால் தொண்ணூறு அடி. நாண் அதிரும் ஓசை அதைக் கடக்க விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அம்புக்கோ மூன்றில் ஒரு பங்கு வேண்டும்.

"மிச்சம் இருக்கிற கால் விநாடி மானோடது, மாமா. ஓசை கேட்டதும் துள்ளறதுக்காகக் காலை மடக்கித் தாழும். அம்பு போய்ச் சேரும்போது நாம குறி பார்த்த இடத்தில அது இருக்காது."

எனக்குத் தெரிந்த வில்லாளிகளை எல்லாம் நான் அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன தெரியும்? தசரதன் இருட்டில் ஓசையை நம்பி அம்பு விட்டான். யானை என்று நினைத்தது, குடத்தில் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளையாகிவிட்டது. பாண்டு கூடியிருந்த மானை அடித்தான். மானுருவில் இருந்த முனிவர் என்ன சொல்லிச் சபித்தார்? 'கொன்றது குற்றமில்லை அப்பா, அரசர்கள் வேட்டையாடுவது வழக்கம்தான். இந்த வேளை பார்த்து அடித்தாயே, அதுதான்' என்றல்லவா? துறையூர் தாண்டினால் கொல்லிமலை. அந்த மலைக்குரிய வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாக வன்பரணர் பாடிவைத்திருக்கிறார்.

மருமான் முதல் தடவையாகச் சிரித்தான். "அவரை விஸ்கான்ஸினில் காட்டுக்குள்ளேயே விட மாட்டாங்க மாமா. ஒரு சீட்டுக்கு ஒரு மான். அதுவும் இல்லாம, குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம விடவே கூடாது."

சிரிப்பு அடங்கியதும் விஷயம் வெளியே வந்தது.

இரண்டு வருஷம் அவன் ஒரு மானையும் அடிக்கவில்லை. தனக்கென்று இருபது கஜம் என்று ஒரு எல்லை வைத்திருந்தான். மூன்றாம் வருஷம், அக்டோபரில் ஒரு சாயங்காலம், ஒரு பெண்மான் வந்தது. பக்கவாட்டாகத்தான் நின்றது. ஆனால் முப்பது கஜம், தலையும் நிமிர்ந்திருந்தது. நாணை இழுத்துக் காத்திருந்தான். கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மெதுவாக நாணைத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். விட்டான். மான் தாழ்ந்து, துள்ளுகிற துள்ளலில் உடம்பைத் திருப்பியது. அம்பு வயிற்றில் பட்டது.

வயிற்றில் பட்டால் உடனே பின்தொடரக் கூடாதாம். துரத்தினால் இன்னும் ஓடும். எங்கோ ஓடி, கிடைக்காமலேயே போய்விடும். படுக்க விட வேண்டும். எட்டு மணி, பத்து மணி நேரம்கூட. அவன் அந்த ராத்திரி முழுவதும் குளிரில் காரில் உட்கார்ந்திருந்தான்.

"அந்த ராத்திரி பூரா அது உயிரோட இருந்திருக்கும் மாமா. இருபது கஜம்கிற கணக்கு எப்போ முப்பதாச்சுன்னு எனக்கே தெரியலை."

நான் பேசாமல் இருந்தேன். பிறகு, ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். எனக்குப் பத்து வயது. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் உண்டிவில்லால் ஒரு மடையானை அடித்தேன். படும் என்று நினைத்து அடிக்கவில்லை, பட்டுவிட்டது. ஒரு கால் தொங்கத் தொங்கப் பறந்து அக்கரை வாழைத்தோப்பில் இறங்கியது. இன்றைக்கும் மடையானைக் கண்டால் என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது.

"போய்த் தேடினீங்களா மாமா?" என்றான்.

"இல்லை. இருட்டிவிட்டது. அப்பா அடிப்பார் என்று பயம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

மாடிப்படியில் வளையல் ஓசை கேட்டது. அக்கா எவ்வளவு நேரமாக அங்கே நின்றுகொண்டிருந்தாளோ!

"அது கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"கிடைச்சுதும்மா. விடிஞ்சதும். நாணல்ல படுத்திருந்தது."

"உயிரோடயா?"

"இல்லை."

அக்கா சற்று நேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தோசை ஆறிப்போகுது, வாங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அவன் ஊருக்குப் போய்விட்டான். செப்டம்பரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அவன் முகம் தெரிந்தவுடன் அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இந்த வாரமும் சும்மாத்தானே வந்தே?"

"சும்மாத்தான்மா."

"எவ்வளவு தூரத்தில நின்னுது?"

"இருபத்தஞ்சு கஜம்."

"அதானே!" என்பாள் அக்கா. பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.