வயது போனாலும் ஓ.எல். எழுதலாம்

போன கிழமை பின்னேரம் ஆலையடிவேம்பிலிருந்து ஒரு அக்கா எங்கட வீட்டுக்கு வந்தா. வயது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும்.

"டீச்சர், ஓ.எல்.ல கணிதம் மட்டும்தான் எனக்கு இல்ல. ஒரு ரியூசன் வகுப்புல கேட்டன். மகன்ட வயசுப் பிள்ளைகளோட எப்படி இருக்கப்போறீங்கன்னு சிரிச்சிட்டாங்க."

எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷம் படிப்பிக்கிறேன். இவ போன்றவர்களுக்கு ஒரு கதிரை போட்டதில்லை.

உண்மையில் வழி இருக்கிறது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, விட்டுப்போன பாடத்தை மட்டும் எழுதலாம். 10ஆம், 11ஆம் தரப் பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் எடுக்கலாம்.

கணிதம் என்றால் பயமா? முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் தொடங்குங்கள். 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. சாதாரண சித்திக்கு 35 புள்ளி போதும்.

அந்த அக்கா சீட்டுப் பிடிக்கிறவ. வட்டிக் கணக்கைப் பேனை எடுக்காமலே சொன்னா. "இதுதான் அக்கா புத்தகத்தில இருக்கிற சதவீதம்" என்றேன். "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டா.

இனி ஞாயிறு பின்னேரம் எங்கள் விறாந்தையில் இருப்போம். காசு வேண்டாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு உம்மாவோ அம்மாவோ இருந்தால் அனுப்புங்கள். பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடாமல் தாருங்கள்.

ஒன்று மட்டும். யாரும் சிரிக்காதீர்கள்.