அடக்கிய தந்தி

கொட்டச்சேட்டில் ஒரு வெள்ளி மாலை. மின்சாரம் இல்லை. தந்தையை அடக்கம் செய்து ஒன்பது நாளே ஆன இளைஞன் திண்ணையில் கிதாரை அறைந்துகொண்டிருந்தான். ஒலிபெருக்கி கிடையாது. தடித்த ஆறாம் தந்தியைச் சுருதி தாழ்த்தி, உள்ளங்கை ஓரத்தால் அதன் அதிர்வை அடக்கி அடக்கி அடித்தான். மின்கிதாரில் கருவி உறுமும். இங்கோ வலக்கையே உறும வேண்டும். ஒலி நொடியில் மாய்வதால் ஓயாமல் அடிக்க வேண்டியிருந்தது. (மெக்சிகோவின் ரொட்ரிகோ, கபிரியேலா இருவரும் ஹெவி மெட்டல் குழுவிலிருந்து மரக்கிதாருக்கு வந்தவர்களே எனப் பின்னர் அறிந்தோம்.)

"தொந்தரவா சாமி?" என்று எழுந்தான். இவ்விசை கோவிலுக்கு ஆகாதென முன்பு தடுத்தவர் நாமே. ஆறுதல் சொல்லவே சென்றோம், சொல் வரவில்லை.

அன்றிரவுச் செபத்தில் 88ஆம் திருப்பாடல். வெள்ளிதோறும் சொல்வதுதான். விடியல் காணாமல் இருளிலேயே முடியும் அப்பாடலைத் திருச்சபை ஒதுக்கிவிடவில்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும், "தம்பி, கிதாரை எடுத்து வா" என்றோம்.